கொடி வைத்த ஒன்று

மலேசியாவில், ரந்தாவ் ஊரில், தாமான் என்று சொல்லும் குடியிருப்பு வீடுகளின் கடைசி வரிசையில் விசுவலிங்கம் தனியாக இருக்கிறார். எழுபத்தெட்டு வயது. காலையில் அவர் வாயிலிருந்து வரும் முதல் பேச்சு, மோட்டாரில் ரொட்டி விற்க வருகிறவரிடம் சொல்லும் 'ஒன்று போதும்' என்பதுதான். மழை பெய்து அந்த ஆள் வராமல் போனால் அந்தப் பேச்சும் கிடையாது. மகள்கள் இரண்டு பேரும் ஆஸ்திரேலியாவில். ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபோனில் முகம் காட்டுவார்கள். சாப்பிட்டாச்சா, மருந்து போட்டாச்சா என்று இரண்டு கேள்வி, இரண்டுக்கும் யாழ்ப்பாணத்து 'ஓம்' என்பார், பேரப்பிள்ளைகள் கையை ஆட்டும், முடிந்தது. மனைவி கமலாதேவி போய் ஒன்பது வருடமாகிறது.

அவருக்காக யாரும் உடனே 'ஐயோ பாவம்' என்று சொல்லிவிட வேண்டாம். அது அவருக்குப் பிடிக்காது. தவிர, இந்தத் தனிமையில் பாதியை அவரே தன் கையால் செய்துகொண்டார். கையால் என்று சும்மா சொல்லவில்லை.

அப்பா கெமாஸில் ரயில்வே கிளார்க். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். எழுத்துதான் சோறு போடும் என்று நம்பிய குடும்பம். மிஷன் பள்ளியில் ஒரு பிரெஞ்சுக்காரப் பாதிரியார் விசுவலிங்கத்துக்கு எண் எழுதப் பழக்கினார். ஒன்று என்றால் வெறும் கோடு கிடையாது. தலையிலிருந்து இடது பக்கம் இறங்குகிற ஒரு கொடி வேண்டும். ஏழுக்கு இடுப்பில் ஒரு குறுக்குக்கோடு வேண்டும். கோடில்லாத ஏழைப் பார்த்தால் பாதிரியாருக்குக் கோபம் வரும், பிரம்பும் வரும். அந்தக் கொடியும் குறுக்குக்கோடும் விசுவலிங்கத்தின் விரலில் ஏறி உட்கார்ந்தன, அப்புறம் இறங்கவே இல்லை.

இருபது வயதில் ஆர்டன்லி ரப்பர் தோட்டத்து ஆபீசில் சின்னக் கிராணியாக, அதாவது எழுத்தராக, சேர்ந்தார். முப்பது வயதில் பெரிய கிராணி. வேலையில் அவர் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. துரை எழுதிய கடிதத்தில் கமா ஒன்று இடம் மாறியிருக்கிறது என்று திருப்பிக்கொண்டுபோய் நீட்டியவர். கமலாதேவி கடைக்குச் சாமான் எழுதிக் கொடுத்தால், அதில் எழுத்துப்பிழையைத் திருத்திவிட்டுத்தான் சைக்கிளை எடுப்பார். 'உங்களோடு குடித்தனம் நடத்துறது சோதனை எழுதுற மாதிரி' என்று அந்த அம்மாள் சொல்வதுண்டு. அதையும் அவர் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

அந்தத் தோட்டத்தில் லாரி ஓட்டியவர் சன்னாசி. தோட்டத்து இயந்திரங்களையும் அவர்தான் பார்த்துக்கொள்வார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டாம் ஆண்டு வெள்ளைக்காரத் துரை தன் ஊருக்குத் திரும்பியபோது தன்னுடைய பழைய மோரிஸ் மைனர் காரைச் சன்னாசியிடமே கொடுத்துவிட்டுப் போனார். வண்டி நன்றாக இருந்தது. ஆனால் அதன் பதிவுப் புத்தகத்தைக் கரையான் அரித்திருந்தது. புதிய பதிவுக்கு விண்ணப்பம் எழுத வேண்டும். இதற்கெல்லாம் கிராணியை விட்டால் யார்? ஆபீஸ் வாசலில் காரை நிறுத்தி, போனட்டைத் தூக்கி, டைனமோவுக்கு மேலே இருந்த சின்னத் தகட்டின் எண்ணைச் சன்னாசி டார்ச் அடித்துப் படித்தார். விசுவலிங்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து எழுதினார்.

"நாலு... ஒன்னு... மூனு... எட்டு... ஆறு. எழுதிட்டீங்களா கிராணியய்யா?"

"நாலு ஒண்டு மூண்டு எட்டு ஆறு. நான் எழுதினால் எழுதினதுதான்."

புதிய பதிவு வந்தது. மலாய்க்காரர்கள் 'கெரான்' என்று சொல்லும் அந்தத் தாளைச் சன்னாசி பிளாஸ்டிக் உறையில் போட்டு, விண்ணப்பத்தின் கார்பன் நகலையும் பின்னாலேயே சொருகி, காருக்குள் வைத்துக்கொண்டார். ரோட் டாக்ஸ் கட்டும்போது காகிதத்தைக் காகிதத்தோடு பார்த்தால் போதும். நாற்பது வருடத்தில் போனட்டைத் திறந்து அந்தத் தகட்டைத் தேடிப் பார்க்கும் அவசியம் யாருக்கும் வரவில்லை.

அந்த எஞ்சினை மாற்றச் சொல்லிச் சன்னாசியிடம் கெஞ்சாதவர்கள் கிடையாது. ஏற்றத்தில் மூச்சு வாங்கும். பிள்ளைகள் நடந்து முந்திக்கொண்டு போவார்கள். ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டிக் கப்பலில் வரும் ஆஃப்-கட் கார்களின் எஞ்சினை எடுத்து இதற்குள் வைத்தால் பறக்கும் என்றார்கள். சன்னாசி அசையவில்லை. பிஸ்டனை மாற்றினார், பேரிங்கை மாற்றினார், வேண்டிய ரப்பரைத் தானே வெட்டிக்கொண்டார். எஞ்சினை மட்டும் கீழே இறக்கி வேறொன்றை ஏற்றவில்லை. பிறந்தபோது இருந்த நெஞ்சுதான் சாகும்போதும் இருக்க வேண்டும் என்பார்.

தோட்டம் துண்டு துண்டாகக் கைமாறியது. ரப்பர் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்தது. விசுவலிங்கம் ஓய்வு பெற்று ரந்தாவுக்கு வந்துவிட்டார். கமலாதேவி இருந்தவரை வீட்டுக்கு நாலு பேர் வந்தார்கள். அவர்கள் கமலாதேவியைப் பார்க்க வந்தவர்கள் என்பது அவள் போன பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. மிஞ்சியது ஒரே ஒரு ஆள். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு மோரிஸ் வந்து வீட்டு வாசலில் நிற்கும். சன்னாசி இறங்குவார். இரண்டு பேரும் தேத்தண்ணி குடிப்பார்கள். பிறகு காரில் ஏறி சி ரூசா வரை போய்க் கடலைப் பார்த்துவிட்டு, அதிகம் பேசாமல் திரும்புவார்கள். ஆயிரம் பேர் சூழ இருந்த மனிதனுக்குக்கூட வாரத்தில் அப்படி ஒரு சாயங்காலம் போதும்.

ஒரே ஒரு தொந்தரவு. அந்த எஞ்சின் எண்ணெய் ஒழுக்கும். கார் நின்ற இடத்தில் சிமெண்டுத் தரையில் கருப்பாக ஒரு வட்டம் விழும். விசுவலிங்கம் முகத்தைச் சுளித்தால், ஒழுகினால்தான் அசல் எஞ்சின், ஒழுகாவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும் என்று சன்னாசி சிரிப்பார். அடியில் ஒரு பால் டின்னை வைப்பார். டின்னை நகர்த்தி வைத்ததால் வட்டம் இரண்டானதுதான் மிச்சம்.

பழங்கார் கிளப் விசுவலிங்கத்தைத் தேடி வந்தது அந்த நாட்களில்தான். சிரம்பானில் வழக்கறிஞராக இருக்கும் ஹேமநாதன்தான் அதற்குத் தலைவர். வருடத்துக்கு ஒரு முறை சி ரூசா கடற்கரையில் கார்களை வரிசையாக நிறுத்திப் பரிசு கொடுப்பார்கள். நூறு மதிப்பெண்ணில் முப்பது எஞ்சினுக்கு. அது அந்தக் காரோடு பிறந்த எஞ்சின்தானா, நடுவில் மாற்றியதா என்று பார்க்க இரண்டு நடுவர்கள். பெயிண்ட், ரிவெட், வார்ப்பு எல்லாவற்றையும் சோதிக்கத் தர்மேந்திரன் என்ற மெக்கானிக். தகட்டில் இருக்கும் எண்ணும் கெரானில் இருக்கும் எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கும் ஓர் ஆள் வேண்டும். அதற்கு விசுவலிங்கம். கழுத்தில் நடுவர் அட்டையை மாட்டியபோது அவருக்கு உச்சி குளிர்ந்தது. வருடத்தில் ஒரு நாள், பத்து மணியிலிருந்து நாலு மணி வரை, ஐம்பது பேர் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். மீதி முந்நூற்று அறுபத்து நாலு நாளுக்கும் அவர் அதை வைத்துத்தான் ஓட்டினார்.

ஐந்து வருடத்துக்கு முன், சன்னாசியை அங்கே வரச் சொன்னது அவர்தான். சன்னாசிக்கு இஷ்டமில்லை, பெரிய மனிதர்கள் நடுவில் தனக்கென்ன வேலை என்றார். அசல் எஞ்சின் பரிசு உனக்குத்தான், என்னை நம்பி வா என்று கட்டாயப்படுத்தி அழைத்தார்.

வந்தார் சன்னாசி. மனைவி பஞ்சாலை இஸ்திரி போட்டுக் கொடுத்த வெள்ளைச் சட்டை. தர்மேந்திரன் எஞ்சினைத் தடவிப் பார்த்துவிட்டு, இப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை என்று வாய்விட்டே சொன்னார். விசுவலிங்கம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்தார். தகட்டில் 41386. கெரானில் 47386.

மறுபடி பார்த்தார். ஒன்றும் ஏழும் ஒன்றல்ல. வேறு யாராக இருந்தாலும் ஒரு நிமிடம் யோசித்திருப்பார். இவன் தன் சிநேகிதன், ஆகவே கொஞ்சம்கூட விட்டுக்கொடுக்கக் கூடாது என்று அந்தக் கணத்தில் அவருக்கு ஒரு வீம்பு வந்தது. அவருடைய நேர்மை எப்போதும் அடுத்தவன் முதுகில்தான் ஏறும். சுற்றி நின்றவர்கள் கேட்கும்படியே கேட்டார்.

"சன்னாசி, எஞ்சினை எப்ப மாத்தினனீ?"

சன்னாசி கெரானை வாங்கிப் பார்த்தார். பிளாஸ்டிக் உறைக்குள் விரலை விட்டு, பின்னால் இருந்த மஞ்சளான தாளைப் பாதி வெளியே எடுத்தார். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். விசுவலிங்கத்தின் முகத்தைப் பார்த்தார், கழுத்து அட்டையைப் பார்த்தார். தாளைத் திரும்ப உள்ளே தள்ளினார்.

"விடுங்கய்யா" என்றார்.

அவ்வளவுதான். காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்தத் தாளை ஒளித்ததைக் குற்றத்தின் ஒப்புதலாகவே விசுவலிங்கம் எடுத்துக்கொண்டார். மதிப்பெண் தாளில் 'எஞ்சின்: அசல் அல்ல' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நாற்பது வருடம் தன்னிடம் பொய் சொல்லியிருக்கிறான் என்பதுதான் அவருக்குச் சுட்டது. அடுத்த சனிக்கிழமை மோரிஸ் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. இவரும் போகவில்லை. தப்பு செய்தவன்தானே வர வேண்டும்?

மூன்றாவது வாரம் மண்ணெண்ணெயும் சோப்புத் தூளும் வாங்கிவந்து வாசலில் இருந்த எண்ணெய்க் கறையைத் தேய்க்க உட்கார்ந்தார். முழங்கால் வலியோடு மூன்று நாள் தேய்த்தார். போனது.

தோட்டத்தில் சும்மா இருப்பார்களா? பட்டப்பெயர் வைக்க அங்கே ஒரு நாள் போதும். நாற்பது வருடம் எஞ்சினை மாற்ற மாட்டேன் என்று அடம்பிடித்த மனிதருக்கு 'ஆஃப்-கட் சன்னாசி' என்று பெயர் வைத்தார்கள். கோவிட் வந்து ஊர் அடைத்தது. அந்த அடைப்பிலேயே ஒரு நாள் காலையில் சன்னாசி மாரடைப்பில் போய்விட்டார். நெருங்கிய சொந்தம் தவிர யாரும் வரக் கூடாது என்று சட்டம் இருந்த காலம். போகாமலிருக்க ஒரு காரணம் கிடைத்ததில் விசுவலிங்கத்துக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அன்றைக்கு ராச்சாப்பாடு மட்டும் இறங்கவில்லை.

இந்த வருடம் சி ரூசாவில், வரிசையின் கடைசியில் அந்த மோரிஸ் நின்றது.

ஓட்டிவந்தவர் தர்மேந்திரன். பக்கத்து இருக்கையிலிருந்து பஞ்சாலை இறங்கினாள். ரப்பர் மரத்தில் பால் வெட்டிய கை. எழுபதைத் தாண்டியும் நேராக நின்றாள். தோட்டத்து வீடுகளை இடிக்கப்போகிறார்கள், அடுத்த வாரம் கெமாஸில் மகள் வீட்டுக்குப் போகிறாள் என்று தர்மேந்திரன் சொன்னார். கார் இந்த வருடம் போட்டிக்கா என்று ஹேமநாதன் கேட்டதற்கு அவள், பரிசெல்லாம் வேண்டாம், மறுபடி ஒரு தரம் பார்த்தால் போதும் என்றாள். பிறகு விசுவலிங்கத்திடம் வந்து, பசார் பையிலிருந்து அந்தப் பிளாஸ்டிக் உறையை எடுத்து நீட்டினாள்.

"இந்த ஊர விட்டுப் போறதுக்குள்ள அந்தப் பேரு போவணும் கிராணியய்யா. உள்ள இருக்கிறது எல்லாத்தையும் பாருங்க. எல்லாத்தையும்."

அவர் கெரானை எடுத்தார். பின்னால் இருந்த மஞ்சள் தாளையும் எடுத்தார். அன்றைக்கு அவன் ஒளித்த தாள்.

ஊதா நிறக் கார்பன் எழுத்து. பார்த்ததுமே அடையாளம் தெரிந்தது. சொந்தக் கையெழுத்து தெரியாமல் போகுமா? தேதி 11.7.78 என்றிருந்தது. பதினொன்றில் இரண்டு கொடிகள். ஏழின் இடுப்பில் குறுக்குக்கோடு. கீழே, எஞ்சின் எண். நாலு, அடுத்து, நீளமாகக் கொடி வைத்த ஒரு ஒன்று. அதன் இடுப்பில் கோடு இல்லை. பிரெஞ்சுப் பாதிரியாரிடம் படித்தவனுக்கு அது ஒன்று. இந்த நாட்டில் வேறு யார் பார்த்தாலும் அது ஏழு.

கெரானில் ஏழு எப்படி வந்தது என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. அன்றைக்குச் சன்னாசி பாதி இழுத்துப் பார்த்தது இதைத்தான். பார்த்துவிட்டுத் தன் முகத்தைப் பார்த்தான். பிறகு உள்ளே தள்ளினான்.

மதிப்பெண் தாள்களில் அந்தக் கையெழுத்தைப் பார்த்திருக்கிற ஹேமநாதன் எட்டிப் பார்த்துவிட்டுப் புரிந்துகொண்டார். கெட்டிக்காரர்; நல்லவரும்கூட. குரலைத் தாழ்த்தி, "அங்கிள், எழுத்துப்பிழைன்னு போட்டுடலாம்லா. யாரு எழுதுனதுன்னு யாரு கேக்கப்போறா?" என்றார்.

அது எவ்வளவு சுலபமான வழி என்பது விசுவலிங்கத்துக்குத் தெரிந்தது. சன்னாசியின் பெயரும் துலங்கும், கழுத்து அட்டையும் இருக்கும். அடுத்த வருடமும் பத்து மணியிலிருந்து நாலு மணி வரை ஐம்பது பேர் அவர் முகத்தைப் பார்ப்பார்கள். அதை விட்டால் ரொட்டிக்காரர்தான். பயமாகவே இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

ஆனால் பஞ்சாலை அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் ஹேமநாதனின் மைக்கை வாங்கினார். இந்தக் காரின் எஞ்சின் பிறந்ததிலிருந்து மாறவே இல்லை என்றார். கெரானில் ஓர் எண் தப்பு என்றார்.

"அந்த விண்ணப்பத்தை எழுதின கிராணி நான்தான். என்ர பிழைக்குச் சன்னாசியைக் கள்ளனாக்கினேன்."

கொஞ்சப் பேர் கை தட்டினார்கள், எதற்கென்று தெரியாமலே. அவர் அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். வேண்டாம் அங்கிள் என்று ஹேமநாதன் தடுக்கப் பார்த்தார். விசுவலிங்கம் மோரிஸ் நின்ற இடத்துக்கு நடந்தார். பஞ்சாலை மட்கார்டில் கை வைத்தபடி நின்றிருந்தாள். மன்னிப்புக் கேட்டார். வாழ்க்கையில் அவர் அதிகம் பழகாத காரியம், தடுமாறித்தான் கேட்டார். அன்றைக்கே அவன் இந்தத் தாளைக் காட்டியிருக்கலாமே, ஏன் காட்டவில்லை என்று கேட்டார்.

அவள் கையிலிருந்த துணியால் விளக்குக் கண்ணாடியைத் துடைத்தாள்.

"நீங்களா சொல்ற வரைக்கும் நான் வாயத் தொறக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. இனிமே சொல்லலாம். வீட்டுக்கு வந்து சட்டையக் கழட்டிக்கிட்டே சொன்னாரு, 'அத்தன பேரு முன்னால கிராணியய்யா எழுதுனது தப்புன்னு எப்பிடிக் காட்டுறது பஞ்சாலை? அம்மாவும் போய்ட்டாங்க, புள்ளைங்களும் கிட்ட இல்ல. அந்த மனுசனுக்கு அந்த ஒரு கௌரவந்தான் இருக்கு'ன்னாரு."

விசுவலிங்கம் அந்த விளக்குக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அப்புறம் ஏன் வரயில்லை? ஒரு சனிக்கிழமை வந்திருக்கலாமே."

"நாம போனா தப்பு செஞ்சிட்டு சமாதானம் பேச வந்த மாதிரி ஆயிரும், அவரு யோசிச்சுப் பாத்துட்டு வருவாரு, வரட்டும்னாரு. சனிக்கிழமை ஆனா அஞ்சு மணிக்கு மோரிஸ் காடியத் தொடச்சு வாசல்ல நிறுத்திருவாரு. ஒருவேள பஸ்ல வந்தார்னா கடலுக்குக் கூட்டிட்டுப் போவணும்லான்னு. கோவிட்டுக்கு எம்சிஓ போட்டு ரோட்ட அடைச்சப்பவும் நிறுத்தினாரு. சாவுறதுக்கு முந்தின சனிக்கிழமையும் நிறுத்தினாரு."

அவள் குரலில் குத்தல் இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள். ரந்தாவிலிருந்து ஆர்டன்லிக்கு பஸ்ஸில் பதினைந்து நிமிடம்.

வேண்டாம் என்றாலும் கிளப் பரிசாகக் கொடுத்த சின்னக் கோப்பையைத் தர்மேந்திரன் பின் இருக்கையில் வைத்தார். ஐயாவை வீட்டில் இறக்கிவிட்டுப் போகலாமா என்று அவர் கேட்டதற்குப் பஞ்சாலை தலையாட்டினாள். ஆனால் விசுவலிங்கம் மறுத்துவிட்டார். அந்தக் காரில் அவர் உட்காரும் இடத்தில் பஞ்சாலை உட்கார்ந்திருந்தாள். ஓட்டுகிற இடத்தில் வேறு ஒருவர். பின் இருக்கையில் உட்கார்ந்து போக அவரால் முடியாது. மோரிஸ் மூச்சு வாங்கிக்கொண்டு சாலையில் ஏறித் திரும்பியது. அது நின்ற மணலில் கருப்பாக ஒரு சொட்டு கிடந்தது.

ஐந்து மணி வாக்கில் ஹேமநாதன் அவரை வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார். விசுவலிங்கம் பூட்டைத் திறக்கவில்லை. முன்பு மோரிஸ் நின்ற இடத்தில் நின்று கீழே பார்த்தார். முழங்காலைப் பிடித்தபடி மெதுவாகக் குனிந்து, உட்கார்ந்து, சிமெண்டை விரலால் தடவிப் பார்த்தார். இங்கே ஒன்று இருந்தது, டின்னை நகர்த்தியபோது அங்கே ஒன்று விழுந்தது. அந்த இரண்டு வட்டங்களில் ஒன்றின் ஓரமாவது தெரிகிறதா என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு தேடினார்.

ஒன்றும் இல்லை. எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்து அவருக்குப் பழக்கமில்லை. மூன்று நாள் தேய்த்திருக்கிறார்.